வசனத்தைத்தானே சொன்னேன், அது நியாயந்தீர்ப்பதாகுமா?

கேள்வி: இருபது வருடத்துக்கும் மேலாக விசுவாசத்தில் இருக்கிறேன். எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தை நடத்தும் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. சில மாதங்களாக ஓர் இளம்பெண் ஆராதனைக்கு வந்துகொண்டிருந்தாள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் அல்ல. கையில்லாத மேலாடை, முழங்காலுக்கு மேலே நிற்கும் பாவாடை என்றுதான் வருவாள். வாலிபப் பையன்களுக்கு இடறலாகிவிடுமே என்று எனக்கு வேதனை. நேரில் சொல்லத் தயக்கமாக இருந்ததால், ஐக்கியக் கூட்டத்தில் அவளுக்காக ஜெபிக்கும்படி ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். 1 தீமோத்தேயு 2:9ஐயும் வாசித்தேன். யாரோ அதை அவள் காதில் போட்டுவிட்டார்கள். ஒரு மாதமாக அவள் வருவதில்லை. நான் அவளை நியாயந்தீர்த்துவிட்டேன் என்கிறார் போதகர். என் சொந்தக் கருத்தைச் சொல்லவில்லையே, வசனத்தைத்தானே சொன்னேன்? மன்னிப்புக் கேட்டால் அந்த உடை சரிதான் என்று ஒப்புக்கொண்டதாகாதா? இதற்கிடையில் என் 16 வயது மகள், "தேவன் இருதயத்தைத்தானே பார்க்கிறார்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். உடை விதிமுறைகளை எழுதி ஆலய வாசலில் ஒட்டிவிடலாமா என்று மூப்பர்கள் யோசிக்கிறார்கள், என் ஆலோசனையையும் கேட்டிருக்கிறார்கள். நான் என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மன்னிப்புக் கேளுங்கள். தள்ளிப்போடாமல் இந்த வாரமே கேளுங்கள். அவளுடைய உடையைப் பற்றி உங்களுக்கு ஒரு கருத்து இருப்பதற்காகக் கேட்க வேண்டியதில்லை. அந்தக் கருத்து சரியா தவறா என்பதைப் பிறகு பார்க்கலாம். அவள் இல்லாத ஓர் அறையில், அவளுக்குத் தெரியாமல், அவளைப் பேசுபொருளாக்கினீர்களே, அதற்காகக் கேளுங்கள். ஜெபக்குறிப்பு என்று பெயர் வைத்ததால் புறங்கூறுதல் ஜெபமாகிவிடாது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சபையைவிட்டு விலகியபின் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் காயம் இது: என்னிடம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை, என்னைப் பற்றி எல்லோரும் ஜெபித்திருக்கிறார்கள்.

உங்கள் மனதில் வன்மம் இல்லை என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. தயக்கத்தால் சுற்றுவழியில் போனீர்கள். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நேரில் சொல்லும் அளவுக்கு அவளோடு பழக்கம் இல்லையென்றால், அவளைப் பற்றிப் பத்துப் பேரிடம் சொல்லும் உரிமை மட்டும் எங்கிருந்து வந்தது? "நீயும் அவனும் தனித்திருக்கையில்" உணர்த்து என்று மத்தேயு 18:15 சொல்வது, ஒருவன் நமக்கு விரோதமாகவே குற்றம் செய்த சமயத்துக்கு. அந்தப் பெண் உங்களுக்கு விரோதமாக ஒன்றும் செய்யவில்லை.

சரி, நீங்கள் வாசித்த வசனத்துக்கு வருவோம். அது பவுல் எபேசுவில் இருந்த தீமோத்தேயுவுக்கு எழுதியது. எபேசு பெரிய துறைமுக நகரம், பணம் புரண்ட ஊர். அந்த ஊர்ச் சபைக்குப் பவுல் என்ன பட்டியல் போடுகிறார்? மயிரைப் பின்னுதல், பொன், முத்துக்கள், விலையேறப்பெற்ற வஸ்திரம். இந்த நான்கில் ஒன்றாவது உடல் எவ்வளவு தெரிகிறது என்பதைப் பற்றியதா? நான்கும் செல்வத்தைக் காட்டிக்கொள்வதைப் பற்றியவை. அந்தக் காலத்துப் பணக்காரப் பெண்களின் ஆடம்பரத்தை, கி.பி. 79இல் இறந்த ரோம எழுத்தாளர் மூத்த பிளினி தாமே நேரில் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். பேரரசன் கலிகுலாவின் மனைவியாக இருந்த லோல்லியா பவுலினா ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு வந்தாளாம். தலை, காது, கழுத்து, விரல் எங்கும் மரகதமும் முத்தும். மொத்த மதிப்பு ரோம நாணயத்தில் 4 கோடி செஸ்தர். ஒரு ரோமப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் அப்போது 900 செஸ்தர்தான். நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் ஒரு வருடச் சம்பளத்தை ஒரு பெண் உடம்பில் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள்.

எபேசு சபையில் அவளைப் போன்ற கோடீஸ்வரி இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தப் பகட்டைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் இருந்திருப்பார்கள். அதே கடிதத்தின் 6ஆம் அதிகாரத்தில் அடிமைகளுக்கும் புத்தி சொல்கிறார் பவுல். அப்படியென்றால் முத்து அணிந்தவளும் அடிமைப்பெண்ணும் ஒரே கூடத்தில் ஆராதித்திருக்கிறார்கள். பணம் உள்ளவள் தன் பணத்தை உடம்பில் போட்டுக்கொண்டு வந்து இல்லாதவளைக் கூனிக்குறுகவைப்பது பவுலுக்குப் பொறுக்கவில்லை. "உண்ணவும் உடுக்கவும் நமக்கு உண்டாயிருந்தால் அது போதுமென்றிருக்கக்கடவோம்" என்று கடிதத்தின் முடிவில் அவர் சொல்வதும் இதன் தொடர்ச்சிதான்.

இதனால் உடலை மூடுவதைப் பற்றி வேதத்துக்கு அக்கறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அதே வசனத்தில் "நாணத்தினாலும், தெளிந்த புத்தியினாலும்" என்று வருகிறது. நாணம் என்றால் அதில் உடலும் அடங்கும். ஏதேனில் மனிதன் வெட்கப்பட்டபோது அவனுக்குத் தோல் உடை உண்டாக்கி உடுத்தினவரே தேவன்தான். ஆனால் இந்த வசனத்தை அளவுகோலாக எடுத்தால் எல்லோரையும் அதே கோலால் அளக்க வேண்டும். நீங்கள் அதை வாசித்த அன்று அந்த அறையில் நகையோடும் விலையுயர்ந்த உடையோடும் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? அவர்களில் ஒருவருக்காவது ஜெபக்குறிப்பு வைத்தோமா? வசனத்தில் எழுதியிருக்கிற நான்கையும் விட்டுவிட்டு, எழுதாத ஒன்றுக்காக அங்கே இல்லாத ஒருத்திமேல் அதை வாசித்தால், "வசனத்தைத்தானே சொன்னேன்" என்று சொல்வது கஷ்டம்.

இன்னொன்று, சற்றுச் சிரிப்பாகவும் இருக்கும். 9ஆம் வசனத்துக்கு முந்தின வசனம் ஆண்களுக்கு. அவர்கள் "கோபமும் தர்க்கமுமில்லாமல்" ஜெபம்பண்ண வேண்டுமாம். உடையைப் பற்றிக் கோபமாகத் தர்க்கம்பண்ணும் சகோதரர்கள் எத்தனையோ பேரை நாம் பார்த்திருக்கிறோம், 9ஆம் வசனம் மனப்பாடம், 8ஆம் வசனம் கண்ணிலேயே படாது. நம் எல்லோரிடமும் இருக்கிற கோளாறு இதுதான். அடுத்தவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறோம், நமக்கு வந்த கடிதம் உறை பிரிக்காமல் கிடக்கிறது. உடையைப் பற்றின வசனங்கள் உடுத்துகிறவளிடம் பேசுகின்றன, கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவள் தேவனோடு பேசித் தீர்த்துக்கொள்வதற்காக. பார்க்கிறவர்களுக்கு வேறு வசனங்கள் இருக்கின்றன, அவை எண்ணிக்கையில் அதிகம், தொனியிலும் கடுமை. மத்தேயு 7, ரோமர் 14, யாக்கோபு 2 மூன்றையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள், தெரியும்.

யாக்கோபு 2இல் வருகிற காட்சி சபைக்கூடத்தில்தான் நடக்கிறது. பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்த ஒருவனும், கந்தை உடுத்திய ஒரு தரித்திரனும் உள்ளே வருகிறார்கள். முதலாமவனுக்கு நல்ல இடம், இரண்டாமவனுக்குக் காலடி. இரண்டு பேரின் உடையையும் யாக்கோபு விவரித்துவிட்டுக் கண்டிப்பது யாரை? உடுத்தி வந்த இருவரில் ஒருவரையும் அல்ல, உடையைப் பார்த்து இடம் காட்டினவர்களை. மோதிரக்காரன் ஓர் ஆண் என்பதையும் கவனித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஏலிதான். 1 சாமுவேல் முதலாம் அதிகாரம். சீலோவில் ஆலயத்தின் வாசல்நிலை அருகே ஆசாரியன் ஏலி உட்கார்ந்திருக்கிறான். அன்னாள் வந்து ஜெபிக்கிறாள். உதடுகள் மட்டும் அசைகின்றன, சத்தம் வரவில்லை. ஏலி அவளுடைய வாயைக் கவனித்துப் பார்க்கிறான். பார்த்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, "உன் குடியை உன்னைவிட்டு விலக்கு" என்கிறான். அவன் அனுபவம் இல்லாதவன் அல்ல. பல வருடங்களாக ஆலயத்தில் ஊழியம் செய்தவன். ஆலயத்தின் பரிசுத்தத்தைக் காக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அவனுக்கும். குடித்துவிட்டு சந்நிதிக்கு வருவது தவறு என்பதிலும் சந்தேகமில்லை. அவனுடைய நியமம் சரி, ஆள்தான் தவறு. அந்த ஊரிலேயே அன்றைக்கு மிக உண்மையாக ஜெபித்துக்கொண்டிருந்த பெண்ணைக் குடிகாரி என்று அவன் சொன்னான்.

இதில் இன்னும் உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. அடுத்த அதிகாரத்தைப் புரட்டினால், ஏலியின் சொந்த மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசரிப்புக்கூடாரத்தின் வாசலில் கூடுகிற பெண்களோடு பாவம் செய்தார்கள் என்று இருக்கிறது. வாசலில் உட்கார்ந்தவனின் கண்ணுக்கு அன்னாளின் உதடு தெரிந்தது, வீட்டுப்பிள்ளைகளை வாயால் கண்டித்தானே தவிர, அடக்க மட்டும் கை வரவில்லை. உன் கண்ணில் உத்திரம் இருக்க அடுத்தவன் கண்ணில் இருக்கிற துரும்பைப் பார்ப்பதென்ன என்று இயேசு பிற்பாடு கேட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

ஆனால் ஏலியிடம் நாம் கற்க வேண்டிய நல்லதும் அந்த இடத்திலேயே இருக்கிறது. "அப்படியல்ல, என் ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்று அன்னாள் சொன்னதும் அவன் வாதாடவில்லை. பார்த்தால் அப்படித்தானே தெரிந்தது என்று தன் பக்கத்தை நியாயப்படுத்தவில்லை. அந்த நிமிடமே, சமாதானத்துடனே போ, நீ கேட்டதைத் தேவன் தருவாராக என்று ஆசீர்வதித்து அனுப்புகிறான். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான்.

எப்படிச் செய்வது? செல்போனில் நீளமாக எழுதி அனுப்பாதீர்கள். அவளுக்குச் சம்மதமானால் நேரில் போய்ப் பாருங்கள். துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போக வேண்டாம், விசாரணைக்கு வந்ததுபோல் ஆகிவிடும். சுருக்கமாகச் சொல்லுங்கள்: "நீ இல்லாத இடத்தில் உன்னைப் பற்றிப் பேசினேன். அது தவறு. என்னை மன்னித்துக்கொள்." அதோடு நிறுத்த வேண்டும். "ஆனாலும்" என்று ஆரம்பிக்கிற அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் வந்து நிற்கும், அதை விழுங்கிவிடுங்கள். உடையைப் பற்றி அந்தச் சந்திப்பில் ஒரு சொல்லும் வேண்டாம். அவள் கோபப்பட்டால் கேட்டுக்கொள்ளுங்கள். சபைக்குத் திரும்பி வா என்று வற்புறுத்தவும் வேண்டாம், வரலாமா கூடாதா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். அப்புறம், பேசினது எந்த அறையிலோ அந்த அறையிலும் சரிசெய்ய வேண்டும். அடுத்த ஐக்கியக் கூட்டத்தில், அவள் பெயரை மறுபடியும் இழுக்காமல், போனமுறை ஒருவரைப் பற்றி நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் காதில் போட்டது யார் என்று தேடத் தொடங்காதீர்கள். அது வேறொரு வழக்கில் கொண்டுபோய்விடும்.

இப்போது இடறல் என்று நீங்கள் எழுதியதைப் பற்றி. ரோமர் 14இல் பவுல் சொல்லும் இடறல், ஒருவனுடைய மனச்சாட்சி தடுக்கிற காரியத்தை, இன்னொருவனைப் பார்த்து அவனும் துணிந்து செய்துவிடுவது. தனக்குப் பிடிக்காத உடையைப் பார்த்து எரிச்சலடைவது இடறல் ஆகாது. வாலிபர்களின் இச்சையைப் பொறுத்தவரை இயேசுவின் வார்த்தை தெளிவானது. இச்சையோடு பார்க்கிறவனிடம்தான் அவர் பேசுகிறார், "உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால்" என்று அவனுடைய கண்ணைத்தான் குறிப்பிடுகிறார். யோபுவும் தன் கண்களோடு உடன்படிக்கை பண்ணினதாகச் சொல்கிறானே தவிர, ஊர்ப் பெண்களின் உடைக்குச் சட்டம் போடவில்லை. உடுத்துகிறவளுக்கும் அன்பின் கடமை உண்டு, "எல்லாவற்றையும் அனுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" என்ற வசனம் அவளுக்கும் பொருந்தும். ஆனால் பையன்களின் கண்ணுக்கு அவளைப் பொறுப்பாக்க முடியாது. வாலிபர் கூட்டத்தில் பையன்களிடம் இதைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினார்கள் என்று போதகரிடம் கேளுங்கள்.

இந்த இடத்தில் ஆலோசகர் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உடைதான் காரணம் என்ற பேச்சு, பாலியல் கொடுமைக்கு ஆளானவர்களின் வாயை அடைத்துவிடுகிறது. 2 சாமுவேல் 13ஐ எடுத்துப் பாருங்கள். தாவீது ராஜாவின் மகன் அம்னோன் தாமாரைக் கெடுத்த அன்று அவள் என்ன உடுத்தியிருந்தாள் என்பதை வேதம் எழுதிவைத்திருக்கிறது: ராஜாவின் குமாரத்திகளான கன்னிகைகள் தரிக்கிற பலவருணமான வஸ்திரம். மரியாதையான உடை அவளைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் பாவம் அவளுடைய உடையில் இல்லை, அம்னோனிடம் இருந்தது. உங்கள் ஐக்கியத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் இப்படிப்பட்ட காயத்தை வெளியே சொல்லாமல் சுமக்கிறவர்கள் இருக்கலாம். நீங்கள் உடையைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முறையும் அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம். தோற்றத்தின்படி தீர்ப்புச் செய்யாமல் நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமுள்ள ஆவியோடே சீர்பொருந்தப்பண்ணும்படி கலாத்தியர் 6:1 கேட்கிறது. முதிர்வயதுள்ள பெண்கள் இளம்பெண்களுக்குப் படிப்பிக்க வேண்டும் என்று தீத்து 2ஆம் அதிகாரமும் சொல்கிறது. ஆனால் படிப்பிக்கிறவளுக்கு அங்கே சொல்லியிருக்கும் தகுதிகளில் அவதூறு பண்ணாதவளாயிருப்பதும் ஒன்று. முதலில் பழக்கம், பிறகு நம்பிக்கை, அவளே கேட்கும்போதோ கேட்க மனமுள்ளபோதோ ஒரு வார்த்தை. அதற்கு மாதங்கள் ஆகும், சிலசமயம் வருடங்கள் ஆகும்.

அந்த இளம்பெண்ணோ புதிதாக வந்தவள். எருசலேமில் அப்போஸ்தலர் கூடி, புறஜாதிகளிலிருந்து வருகிறவர்களுக்கு என்னென்ன கட்டளை கொடுப்பது என்று வாதித்தபோது (அப்போஸ்தலர் 15), தேவனிடத்தில் திரும்புகிறவர்களைக் கலங்கப்பண்ணக் கூடாது என்று யாக்கோபு முடிவு சொன்னார். கடைசியில் எழுதி அனுப்பியது நான்கே காரியங்கள்: விக்கிரகங்களுக்குப் படைத்தவை, வேசித்தனம், நெருக்குண்டு செத்தது, இரத்தம். உடை அதில் இல்லை. வந்து சில மாதங்களே ஆன ஒருத்திக்கு நாம் அப்போஸ்தலரைவிடப் பெரிய பட்டியல் கொடுக்க வேண்டுமா?

உங்கள் மகளைப் பற்றி. அவள் சொல்லும் வசனம் 1 சாமுவேல் 16:7. "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்." ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் முகத்தையும் பார்த்து, இவன்தான் ராஜா என்று சாமுவேல் நினைத்தபோது தேவன் அவனுக்குச் சொன்னது அது. பார்க்கிறவனுக்கு வந்த எச்சரிப்பு. ஆகவே உங்களுக்கு அது நல்ல மருந்து, அதை ஒத்துக்கொள்ளுங்கள். உடுத்துகிறவர் தனக்கே அதை அனுமதிச் சீட்டாக வைத்துக்கொள்ள முடியாது. இருதயத்தைப் பார்க்கிறவர் என்றால், இந்த உடையை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் பார்க்கிறவர்தானே? அவள் பக்கம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரோமர் 14:3 இரண்டு தரப்பையும் பிடிக்கிறது. கட்டுப்பாடாக இருக்கிறவன் மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது, சுதந்தரமாக இருக்கிறவன் மற்றவனை அற்பமாய் எண்ணக் கூடாது. உங்கள் மகளின் வயதினர் இரண்டாவது குழியில் விழுவார்கள். தலைமூடி, எளிய உடையில் வருகிற ஒரு மூத்த சகோதரியைக் கட்டுப்பெட்டி, பழம்பஞ்சாங்கம் என்று கேலி பண்ணினால் அதுவும் நியாயந்தீர்ப்புக்கு அக்கா தங்கைதான்.

அவளிடம் எத்தனை அங்குலம் என்று பேசாதீர்கள், அந்தச் சண்டையில் தாய் ஜெயிப்பதே இல்லை. கேள்விகளாகக் கேளுங்கள். இதைப் போட்டுக்கொண்டு இயல்பாக உட்கார, குனிய, ஓட முடியுமா, அல்லது நாள் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? யாருடைய கவனத்துக்காக இது? இதன் விலை என்ன, அந்தப் பணத்தில் வேறு யாருக்காவது உடை வாங்கியிருக்கலாமா? கடைசிக் கேள்வி உங்களுக்கும் சேர்த்துத்தான். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி உடையைப் பற்றிப் பிரசங்கித்தபோது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: உன் உடுப்பில் கூடுதலாகச் செலவழிக்கிற ஒவ்வொரு காசும், உடுப்பில்லாதவனுக்குப் போயிருக்க வேண்டிய காசு. ஏசாயா 3ஆம் அதிகாரத்திலும் சீயோன் குமாரத்திகளின் ஆபரணப் பட்டியல் வருவதற்கு முன்னாலேயே, சிறுமையானவனிடத்தில் கொள்ளையிட்ட பொருள் உங்கள் வீடுகளில் இருக்கிறது என்ற குற்றச்சாட்டு வந்துவிடுகிறது. 16 வயதுப் பிள்ளைக்கு நியாயம் என்றால் உடனே புரியும். அங்குலம் புரியாது. இன்னொரு வேண்டுகோள்: அந்த இளம்பெண்ணை உதாரணமாக வைத்து மகளிடம் ஒரு நாளும் பேசாதீர்கள். நீங்கள் மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்பதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.

இனி மூப்பர்களின் அறிவிப்புப் பலகை. இதில் திருச்சபைக்கு நீண்ட அனுபவம் இருக்கிறது, இரண்டு பக்கமும் பேசுகிற அனுபவம். வெஸ்லி முதிர்வயதில், எளிய உடைக்குப் பேர்போன கிறிஸ்தவ இயக்கத்தாரான குவேக்கர்களைப் போலத் தன் மக்களுக்கும் ஆரம்பத்திலேயே ஒரே மாதிரியான எளிய உடையை விதித்திருக்கலாமே, காலம் கடந்துவிட்டதே என்று வருந்தினார். பணம் சேரச் சேர மெதடிஸ்டுகளின் உடையும் மினுங்கத் தொடங்கியதை அவர் கண்ணால் பார்த்தார். ஆனால் அந்தக் குவேக்கர்களுக்குள்ளேயே இருந்த மார்கரெட் ஃபெல் என்ன சொன்னார் தெரியுமா? இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸின் மனைவி அவர். எல்லோரும் ஒரே உடை, ஒரே நிறம் என்று தன் மக்கள் கட்டாயப்படுத்தத் தொடங்கியபோது, 1700இல், இது அசட்டுத்தனமான, அற்பச் சுவிசேஷம் என்று எழுதினார். அப்போது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது. வெஸ்லி தூரத்திலிருந்து ஏங்கினதை அவர் உள்ளேயிருந்து பார்த்திருந்தார். எனக்கு ஃபெல் சொன்னதுதான் சரியென்று படுகிறது. விதி உடையை மாற்றிவிடும், ஆனால் அந்த விதியைக் கடைப்பிடிப்பதே ஒரு பெருமையாகிவிட்டால் அதைக் கழற்றுவது கடினம். பரிசேயர் வசனம் வைத்துக் கட்டும் காப்புநாடாக்களை அகலமாக்கி, வஸ்திரத் தொங்கல்களைப் பெரிதாக்கினது பக்தியான உடையில்தான்.

விதிகள் மாறவும் செய்கின்றன. பெண்கள் ஆலயத்தில் தலையை மூட வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் இருந்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது இல்லை. புருஷரின் உடையைப் பெண்கள் தரிக்கலாகாது என்ற உபாகமம் 22:5ஐ யாராவது மூப்பர் எடுத்தால், சில வசனம் தள்ளி 11ஆம் வசனத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்த துணி கூடாது என்கிறது. அதையும் பலகையில் சேர்ப்பதா என்று கேளுங்கள்.

என் ஆலோசனை இது. வாசலில் எதையும் ஒட்ட வேண்டாம். வாசலில் முதலில் வாசிக்கிறவர் புதிதாக வருகிறவர், அவரைத்தான் அது திருப்பி அனுப்பும். பாடகர் குழு, வேதவாசிப்பு, உதவி ஊழியம் என்று முன்னால் நிற்கிறவர்களுக்கு ஒரு எளிய ஒழுங்கு இருக்கலாம். பொறுப்பை ஏற்கும்போதே தனியாகச் சொல்லிவிட்டால் யாரும் அவமானப்பட மாட்டார்கள். அந்த ஒழுங்கில் ஆண்களும் இருக்க வேண்டும், யாக்கோபின் மோதிரக்காரனை மறந்துவிடாதீர்கள். இறுக்கமான சட்டையும் கைக்கடிகாரத்தின் விலையும் அதில் வரட்டும். மூப்பர்களுக்கு அது சங்கடமாக இருந்தால் பெண்களின் பகுதியையும் சேர்த்தே எடுத்துவிடச் சொல்லுங்கள்.